மலர்வளையத்துக்குக் காசு உண்டு, கிளினிக்குக்கு இல்லையா?



போன மாதம் எங்கள் தோட்டக் கமிட்டியின் கணக்குக் கொப்பியைச் சரிபார்க்க உட்கார்ந்தோம். அட்டை கிழிந்து, தேத்தண்ணிக் கறை படிந்த பழைய கொப்பி. பக்கத்துக்குப் பக்கம் ஒரே மாதிரியான செலவுகள்: மலர்வளையம், பெட்டிக்கு முற்பணம், மரண வீட்டுக்குத் தேயிலை, சீனி, பிஸ்கட், பந்தல் தகரம் ஏற்றிய லொறிக் கூலி. இதில் ஒரு சதமும் வீண் இல்லை. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் எல்லோரும் கூடி நின்று காரியம் முடிப்பது நம்முடைய பழக்கம், நம்முடைய பெருமை.

ஆனால் அந்தக் கொப்பி முழுவதையும் புரட்டியும் ஒரு வரி கிடைக்கவில்லை. உயிரோடு இருக்கும் ஒரு நோயாளியைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போன பஸ் காசு என்று ஒரு வரி.

அந்த வரி இல்லாதது எங்களை ஏன் உறுத்தியது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம். காரணம், ஒருவருடைய கழுத்தில் வந்த ஒரு கட்டி.

மேல் டிவிசனில் கான் வெட்டிய அண்ணன் ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர். அவருக்கு இடது பக்கத் தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. "என்னண்ணே இது?" என்று கேட்டோம். "அது பாட்டுக்குக் கெடக்குது டீச்சர், வலிக்கவா செய்யுது?" என்றார். "எதுக்கும் ஒருக்கா காட்டுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, மே தினத்துக்கு எத்தனை பேர் லொறி ஏறுவார்கள் என்ற கணக்குக்கு நாங்கள் போய்விட்டோம்.

அவர் சும்மா இருக்கவில்லை. தைலம் தடவினார். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டார். கோயிலில் திருநீறு போட்டார்கள். தோட்டத்து மருந்தகத்தில் ஐந்து நாளுக்கு மாத்திரை கொடுத்து, குறையாவிட்டால் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். கட்டி குறையவில்லை. ஆனால் டவுனுக்குப் போனால் ஒரு பேர் போய்விடும். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கையில் காசு வேண்டும். வலி இல்லாத ஒன்றுக்கு யார் இவ்வளவு செலவழிப்பார்கள்? நாக்கின் ஓரத்தில் நெடுநாளாக ஒரு புண்ணும் இருந்திருக்கிறது. பல் உரசியதால் வந்த புண் என்று நினைத்து, வெற்றிலையை அடுத்த பக்கக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான்.

எட்டாவது மாதம் சாப்பாடு இறங்கவில்லை என்றபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். நோயின் வேர் நாக்கில் இருந்தது. கழுத்தில் நாங்கள் பார்த்தது அங்கிருந்து இறங்கி வந்தது. கண்டிக்கும் மகரகமவுக்கும் அலைந்தார்கள். தீபாவளிக்கு முன்னே அவர் போய்விட்டார். நாங்கள் மலர்வளையம் வாங்கினோம். அந்த மலர்வளையத்தின் காசுக்கு அவரும் துணைக்கு ஒருவரும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் பல தடவை போய் வந்திருக்கலாம்.

எங்களை நாங்களே குற்றம் சொல்லித்தான் தொடங்குகிறோம். கட்டியைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள்.

கானும் குழியும்

கழுத்தில் வரும் கட்டி என்ன என்பதைக் கான் வெட்டும் தோழர்களுக்கு விளக்குவது சுலபம். மலையில் மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறோம். அடித்து வரும் மண் தங்குவதற்குக் கானில் இடையிடையே குழி எடுக்கிறோம். நம் உடம்பிலும் இரத்தக் குழாய்களைத் தவிர, நிணநீர் என்ற ஒரு நீர் ஓடும் மெல்லிய கான்கள் உண்டு. அந்தக் கான்களில் உள்ள குழிகள்தான் நிணநீர்க் கணுக்கள். கிருமிகளைப் பிடித்து நிறுத்தி அழிக்கும் இடம் அது. உடம்பில் இப்படிப் பல நூறு கணுக்கள் உண்டு. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தலையிலும் கழுத்திலும் இருக்கின்றன.

நாம் "நெறி கட்டியிருக்கு" என்று சொல்வது இதைத்தான். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. தொண்டை புண்ணானால், பல் சொத்தையானால், தலையில் சிரங்கு வந்தால் கழுத்தில் நெறி கட்டுகிறது. குழியில் மண் நிறைந்து கிடந்தால், மேலே எங்கே மண் சரிந்தது என்று நாம் ஏறிப் போய்ப் பார்ப்போம் அல்லவா? கழுத்தில் நெறி கட்டினாலும் அப்படித்தான். கட்டியை மட்டும் தடவிக்கொண்டிருந்தால் போதாது. வாய், தொண்டை, பல், காது, தலை, நெஞ்சு என்று மேலும் கீழும் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கத் தெரிந்தவர் வைத்தியர்.

எல்லாக் கட்டியும் நெறி அல்ல. முன்கழுத்தின் நடுவில் இருக்கும் கட்டி எச்சில் விழுங்கும்போது மேலும் கீழும் அசைந்தால் அது பெரும்பாலும் தைரொயிட் சுரப்பியில் வந்த கழலை. அதற்கும் வைத்தியம் இருக்கிறது. அதையும் காட்ட வேண்டும்.

பயப்படத் தேவையில்லாததும் உண்டு

எல்லோரையும் பயமுறுத்துவது எங்கள் எண்ணம் அல்ல. எங்கள் வகுப்பில் நாலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றுக்குப் பின்கழுத்தில் பட்டாணி போல நாலைந்து உருண்டைகள். தாய் அழுதுகொண்டு பாடசாலைக்கு வந்தார். வைத்தியர் பிள்ளையின் தலைமுடியை விலக்கிப் பார்த்தார். பேன் கடியைச் சொறிந்து சொறிந்து தலையெல்லாம் புண். பேனுக்கும் புண்ணுக்கும் மருந்து கொடுத்தார். புண் ஆறியபின் சில வாரத்தில் உருண்டைகளும் வற்றிவிட்டன. சிறு பிள்ளைகளின் கழுத்தில் பயறு அளவில், விரலுக்கு வழுக்கி ஓடும் சின்ன நெறிகள் தட்டுப்படுவது சாதாரணம். தடிமனும் தொண்டை நோவும் வந்து நெறி கட்டினால், நோய் மாறிய பிறகு அது தானாக இறங்கும்.

இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர். கழுத்தின் ஒரு பக்கத்தில் மணி கோத்தது போல மூன்று கட்டிகள். பின்னேரம் ஆனால் மெல்லிய காய்ச்சல், இராத்திரியில் உடுப்பு நனையும் அளவுக்கு வியர்வை. உடம்பு மெலிந்துகொண்டே போனது. அவர் கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டி மறைத்துக்கொண்டார். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். "அந்த வீட்டில் சீக்கு" என்று ஒரு பேச்சு வந்துவிட்டால்?

கொழுந்து நிறுக்கும்போது துண்டு நழுவியதைக் கண்ட எங்கள் மாதர் சங்கத் தலைவி விடவில்லை. "நானும் வாறேன், வா" என்று கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பேருக்கும் அன்றைய பேர் போனது. ஊசியால் கட்டியில் இருந்து கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். காசநோய். நெஞ்சில் இல்லை, நெறியில். நம் முன்னோர் கண்டமாலை என்று சொன்ன நோய்.

கழுத்து நெறியில் மட்டும் இருக்கும் காசநோய் மற்றவர்களுக்குத் தொற்றாது. நெஞ்சிலும் இருக்கிறதா என்று அறிய எக்ஸ்ரே எடுப்பார்கள். வீட்டாரையும் சோதிப்பார்கள். வழக்கமாக ஆறு மாத மருந்து. மாவட்டம்தோறும் உள்ள அரசாங்க நெஞ்சுநோய்ச் சிகிச்சை நிலையங்களில் அந்த மருந்து இலவசம். அக்காவுக்கு முதல் வாரத்திலேயே சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. இரத்தம் என்று பயந்து மருந்தை நிறுத்தப் பார்த்தார். அது மாத்திரையின் நிறம். இரண்டாம் மாதம் கட்டி குறையாமல் கொஞ்சம் பெருத்தது. மறுபடி நிறுத்தப் பார்த்தார். மருந்து வேலை செய்யும்போதே சிலருக்கு நெறி பெருப்பது உண்டு என்றும், அப்படி நடந்தால் மருந்தை நிறுத்தாமல் வந்து காட்ட வேண்டும் என்றும் வைத்தியர் விளக்கினார். ஆறு மாதமும் விழுங்கி முடித்தார். இன்று அவர் நம்மோடு மலையில் நிற்கிறார். மகளுக்குக் கலியாணமும் முடிந்துவிட்டது.

அண்ணனுக்கும் அக்காவுக்கும் வந்தது வேறு வேறு நோய் என்பது உண்மைதான். ஆனால் அக்காவோடு ஒருவர் போனார். அண்ணனோடு யாரும் போகவில்லை.

எப்போது போக வேண்டும்?

சுவரில் எழுதி வைக்கக்கூடிய அளவுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

கழுத்தில் கட்டி வந்து மூன்று வாரம் ஆகியும் இறங்காவிட்டால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கல் போல் கெட்டியாக இருந்தால், விரலால் தள்ளினால் அசையாவிட்டால், நாளுக்கு நாள் வளர்ந்தால், காறை எலும்புக்கு மேலே உள்ள பள்ளத்தில் வந்தால் மூன்று வாரம் பார்க்க வேண்டாம். உடனே போக வேண்டும்.

கட்டியோடு சேர்ந்து குரல் கம்மினால், விழுங்கக் கஷ்டமானால், விடாத காய்ச்சலும் இராத்திரி வியர்வையும் மெலிவும் இருந்தால், வாயில் ஆறாத புண்ணோ வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால் தாமதிக்கக் கூடாது. மூச்சு முட்டினால் அந்த நிமிடமே வண்டி பிடிக்க வேண்டும்.

வெற்றிலை, புகையிலை போடுபவர்களும் நாற்பது வயதைத் தாண்டியவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் எப்போதோ அறிவித்துவிட்டது. குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை போட்டுப் பழகிய நம் மக்களை நாங்கள் ஏசப் போவதில்லை. விட முடிந்தவர்கள் விடுங்கள். முடியாதவர்கள் புகையிலையையும் பாக்கையும் குறைக்கத் தொடங்குங்கள். மாதம் ஒரு தடவையாவது கண்ணாடியில் வாயையும், விரலால் கழுத்தையும் பாருங்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. கட்டியைப் பிதுக்காதீர்கள், சூடு வைக்காதீர்கள், யாரையும் கீற விடாதீர்கள். ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்ற பேச்சை நம்பாதீர்கள். கழுத்துக் கட்டியில் மெல்லிய ஊசியால் சோதிப்பது உலகம் முழுவதும் நடக்கும் சாதாரண சோதனை. அதைச் செய்யாமல் நோயின் பெயர் தெரியாது. பெயர் தெரியாமல் சரியான மருந்து கிடையாது. நிணநீர்க் கணுவிலேயே தொடங்கும் புற்றுநோய்களில் பலவற்றை இன்று மருந்தால் குணமாக்குகிறார்கள். அதற்கும் நேரத்தோடு போக வேண்டும்.

இரண்டாவது தடவை

முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போவது பாதி வேலைதான். வைத்தியர் பெரும்பாலும் ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ மருந்து கொடுத்து, "குறையாவிட்டால் மறுபடி வாங்க" என்பார். கிருமியால் வந்த வீக்கமா, வேறு ஏதாவதா என்று பிரித்தறியும் வழிகளில் அதுவும் ஒன்று. நம்மவர்கள் விழுந்துவிடும் இடமும் அதுதான். முதல் தடவைக்கு ஒரு பேர் போனது. இரண்டாவதற்கு இன்னொரு பேர். ஸ்கேன் எடுக்க ஒன்று, ஊசிக்கு ஒன்று, முடிவு வாங்க ஒன்று. மாதச் சம்பளக்காரருக்கு இது லீவு. நாள் சம்பளக்காரருக்கு இது அடுப்பில் வைக்கும் அரிசி.

அதனால்தான் நம் லயங்களில் நோய்க்கு ஒரு தனி அளவுகோல் வந்துவிட்டது. மலைக்குப் போக முடியாவிட்டால் அது நோய். போக முடிந்தால் அது நோய் இல்லை. கழுத்துக் கட்டி வலிக்காது. கூடையைத் தூக்க விடும், கானை வெட்ட விடும். நம்முடைய அளவுகோலுக்குள் அது அகப்படாது. மலைக்குப் போக முடியாமல் செய்யும் நாளில் அது முற்றிப்போயிருக்கும்.

பாஷையும் ஒரு தடை. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, எந்த அறைக்குப் போக வேண்டும் என்று புரியாமல் வராந்தாவில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தவர்களை நாங்கள் அறிவோம். 1987ஆம் ஆண்டு வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழில் விளக்கம் கேட்பது உரிமை, வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் உரிமை வந்து சேரும்வரை நோயாளியைத் தனியாக நிற்க விடலாமா?

என்ன செய்யப் போகிறோம்?

தோட்டத் தொழிலாளியின் மருத்துவம் தோட்டத்தின் பொறுப்பு என்பது நேற்று முளைத்த கோரிக்கை அல்ல. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலேயே, 1912இல், மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் அந்தப் பொறுப்பைத் தோட்டங்கள் மேல் வைத்தது. நூறு வருடத்துக்குப் பிறகும் ஒரு கிளினிக் நாளுக்காக நாம் பேரை இழந்துகொண்டிருக்கிறோம். ஆகவே அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்கு நம் சங்கம் கொண்டு போகும் பட்டியலில் இதுவும் இருக்க வேண்டும்: அரசாங்க ஆஸ்பத்திரியின் கிளினிக் சீட்டைக் காட்டும் தொழிலாளிக்கு அன்றைய பேர் போட வேண்டும். சம்பள உயர்வோடு ஒப்பிட்டால் இது சின்னக் கோரிக்கை என்று சிலர் சொல்லலாம். ஆறாத கட்டியோடு மலைக்கு ஏறுபவரைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் நிர்வாகம் தரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க நமக்கு நேரம் இல்லை. சந்தாப் பணம் நம்முடையது. கமிட்டி நம்முடையது. எங்கள் தோட்டத்தில் மூன்று விசயம் முடிவு செய்திருக்கிறோம். மற்றத் தோட்டத் தோழர்களும் யோசிக்க வேண்டுகிறோம்.

முதலாவது, மரண உதவிப் பணத்தைத் தொடாமல், கமிட்டிப் பணத்தில் ஒரு சின்னப் பகுதியைக் கிளினிக் பயணத்துக்கு ஒதுக்குவது. நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் பஸ் காசு.

இரண்டாவது, டிவிசனுக்கு ஒருவராகத் துணை ஆட்கள். சிங்களம் பேசத் தெரிந்த இளம் தோழர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. கொழும்பில் கடை வேலை செய்துவிட்டு வந்தவர்கள், உயர்தரம் படித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் இந்த வேலையைச் செய்யலாம். நோயாளியின் நோயைப் பற்றி வெளியில் பேசாத ஆளாக இருக்க வேண்டும் என்பது மட்டும் எங்கள் நிபந்தனை.

மூன்றாவது, திகதிக் கொப்பி. யார் எப்போது மறுபடி போக வேண்டும் என்று அவர்கள் சம்மதத்தோடு குறித்து வைத்து, முதல் நாள் பின்னேரம் வீட்டில் போய் ஞாபகப்படுத்துவது. திகதியைத் தவிர வேறு எதையும் அதில் எழுதுவதில்லை.

தோட்ட மருந்தகத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கும் வேலைப் பாரம் அதிகம் என்பது எங்களுக்குத் தெரியும். ஒரே கட்டியோடு ஒருவர் இரண்டாவது தடவை வந்தால், மூன்றாவது மாத்திரைப் பொட்டலத்துக்குப் பதிலாக ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுங்கள். வெளிநோயாளர் பிரிவில் அந்தத் துண்டுக்கு மதிப்பு உண்டு.

இன்றைக்கு இராத்திரி சாப்பிட்ட பிறகு லாம்பு வெளிச்சத்திலோ கரண்டு வெளிச்சத்திலோ வீட்டில் உள்ளவர்களின் கழுத்தை ஒருக்காத் தடவிப் பாருங்கள். காதுக்குப் பின்னால், தாடைக்குக் கீழே, கழுத்தின் இரண்டு பக்கமும், காறை எலும்புக்கு மேலே. ஏதாவது தட்டுப்பட்டால் அன்றைய திகதியைக் கலண்டரில் குறியுங்கள். மூன்று வாரம் கழித்தும் அது இருந்தால் எங்களிடம் வாருங்கள். "வலிக்கவா செய்யுது" என்று சொல்லாதீர்கள். அந்தப் பதிலைக் கேட்டு நாங்கள் ஒரு தடவை திரும்பிப் போய்விட்டோம்.

போன கிழமை எங்கள் கமிட்டிக் கொப்பியில் புதுப் பக்கம் ஒன்று திறந்தோம். அதன் முதல் வரி: "இரண்டு பேர், போக வர, பஸ் காசு." பக்கத்தில், மறுபடி போக வேண்டிய திகதி.